பிளக்கைப் பிடுங்கக் கூடாது

மீமிசலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, செல்வராணி பொய் சொல்கிறாள் என்று ஹரிணி முடிவு கட்டியிருந்தாள். கையில் இருந்த பதிவுத் தாள் அப்படித்தான் சொன்னது.

உதயசூரியனின் மீன் கோல்டு ஸ்டோரேஜில் ஒரு சின்னப் பெட்டி, நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே இருக்கும் குளிரை அளந்து மெமரி கார்டில் எழுதிவைக்கும். பெட்டியைச் செய்தது ஹரிணி வேலை பார்க்கும் புதுக்கோட்டைக் கம்பெனி. பெட்டியும் கார்டும் பேசிக்கொள்ள நடுவில் டிரைவர் என்று ஒரு நிரல் வேண்டும்; அதை எழுதியவள் ஹரிணி. மூன்று வாரமாகப் பதிவு காலை ஆறு மணிக்கு நின்றுவிடுகிறது. மதியம் இரண்டு மணிக்குத் திரும்ப உயிர் வருகிறது. ஆறிலிருந்து இரண்டு வரை செல்வராணியின் ஷிப்ட். சாவிக்கொத்து அவள் கைக்குப் போனதும் மூன்று வாரத்துக்கு முன்புதான்.

"கதவத் தொறந்து மீனத் திருடி அங்கிட்டு இங்கிட்டுத் தள்ளிவிட்டிருக்கா," என்றார் உதயசூரியன். "குளிர் கொறஞ்சது தெரியக் கூடாதுன்னு கார்டக் கழட்டியிருக்கா. எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரன் பதிவு இல்லாத சரக்கு வேணாங்கிறான். நீங்க ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா, இன்னிக்கே அவள வீட்டுக்கு அனுப்பிருவேன்."

செல்வராணி கைகட்டி நின்றாள். நாற்பது வயதிருக்கும். "நான் மணிக்கு ஒருதரம் திரைல குளிரப் பாத்து நோட்டுல எழுதியிருக்கேன் மேடம்."

"நோட்டுல என்ன வேணா எழுதலாம்," என்றார் அவர்.

ஹரிணிக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் கார்டு மூடியின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தது. அதன் விளிம்பில் படிந்த தூசிகூடக் கலையவில்லை. கழற்றாமல் எப்படி நிறுத்துகிறாள்?

"காலைல வந்ததும் என்ன செய்வீங்களோ, அத அப்படியே செஞ்சு காட்டுங்க."

செல்வராணி சுவரில் தொங்கிய லேமினேஷன் தாளில் விரல் வைத்து வரிவரியாகப் படித்தாள். ஷிப்ட் தொடக்கத்தில் பெட்டியை மெனு வழியாக ரீஸ்டார்ட் செய்யவும். பிளக்கைப் பிடுங்கக் கூடாது. அதன்படியே பொத்தானை அழுத்தினாள். பெட்டி அணைந்து எழுந்தது. மைனஸ் பத்தொன்பது என்று காட்டியது. திரையின் மூலையில் கடுகளவு கார்டு அடையாளம் மட்டும் வரவில்லை. பார்க்கச் சொல்லிக் கொடுத்தால் ஒழிய யாருக்கும் கண்ணில் படாது.

ஹரிணி அந்த லேமினேஷன் தாளை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தத் தாளை எழுதியதும் அவள்தான்.

இரண்டு மணிக்கு அடுத்த ஷிப்டுக்காரன் மதுரைவீரன் வந்தான். வந்த வேகத்தில் பிளக்கைப் பிடுங்கிச் செருகினான். அடையாளம் வந்துவிட்டது. "அந்த மெனுவுக்கெல்லாம் எனக்கும் ராத்திரி ஆளுக்கும் பொறுமை இல்லங்க," என்றான்.

ஹரிணி பெட்டியைத் திறந்து, மீட்டரின் முனையைக் கார்டுக்கு மின்சாரம் போகும் கம்பியில் வைத்து, ரீஸ்டார்ட் கொடுத்தாள். 3.3 வோல்ட். பெட்டி அணைந்து எழும் நேரம் முழுக்க எண் அசையவில்லை.

மெமரி கார்டுக்கு இரண்டு மின்சாரம் உண்டு. ஒன்று, அது உயிரோடிருக்க. அது எப்போதும் 3.3. மற்றது, பெட்டியோடு பேசும் கம்பிகளில் ஓடுவது. பேச்சு முதலில் 3.3இல்தான் தொடங்கும். வேகமான கார்டு என்றால், குறைத்துக்கொள்ளலாமா என்று டிரைவர் கேட்கும். கார்டு சம்மதித்தால் பெட்டி, கார்டு இரண்டும் பேச்சுக் கம்பிகளில் மட்டும் 1.8க்கு இறங்கும். வோல்டேஜ் ஏறி இறங்கும் உயரம் குறைந்தால் மாற்றம் சீக்கிரம் நடக்கும், அதற்குத்தான். இறங்கிய கார்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரே வழி, உயிர் மின்சாரத்தை முழுக்க நிறுத்திவிட்டு மறுபடி கொடுப்பது.

மெனுவில் ரீஸ்டார்ட் செய்தால் பெட்டி எல்லாவற்றையும் மறந்து 3.3இல் கூப்பிடுகிறது. மின்சாரம் அறுபடாத கார்டோ இன்னும் 1.8இல் காத்திருக்கிறது. பதில் வராது. பிளக்கைப் பிடுங்கினால் இரண்டும் சேர்ந்து மறக்கும். பழைய கார்டுகளுக்கு இறங்கவே தெரியாது. மூன்று வாரத்துக்கு முன்பு ஹரிணியின் கம்பெனி இந்தப் பெட்டியில் வேகமான புதுக் கார்டு போட்டது.

ஆபீஸில் நூறு முறை சோதித்தாளே? நினைத்துப் பார்த்தாள். மேசையில் ஒவ்வொரு முறையும் அவள் பிளக்கைத்தான் பிடுங்கியிருக்கிறாள். கார்டு மின்சாரம் எப்போதும் இருக்கட்டும் என்று நிரலில் ஒரு வரி போட்டதும் அவளே.

"தப்பு பெட்டியில சார். நான் எழுதினதுல."

உதயசூரியன் கண்ணைச் சுருக்கினார். "பொம்பளைக்குப் பொம்பளை சப்போர்ட்டா?"

ஹரிணி பிளக்கைப் பிடுங்கிச் செருகி அடையாளத்தை வரவழைத்தாள். "இப்ப நீங்களே ரீஸ்டார்ட் அழுத்துங்க."

அவர் மெனுவைத் தேடித் தேடி அழுத்தினார். அடையாளம் வரவில்லை.

"மொதலாளியும் மீனத் திருடிட்டீங்க போல," என்றாள் செல்வராணி, முகம் மாறாமல். மதுரைவீரன் சிரிப்பை அடக்க வெளியே போனான்.

ஹரிணி லேப்டாப்பில் அந்த வரியை நீக்கினாள். ரீஸ்டார்டில் முதலில் கார்டின் மின்சாரத்தை நிறுத்தி, பிறகு கொடுக்கச் சொன்னாள். அப்போதும் அடையாளம் வரவில்லை. உதயசூரியன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். மீட்டர் விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது: நிறுத்திய பிறகும் பலகையில் தேங்கிய மின்சாரம் வடிய நேரம் எடுத்தது, அதற்குள் மறுபடி கொடுத்துவிட்டாள். கால் நொடி காத்திருக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தாள். எண் பூஜ்யம் வரை இறங்கி ஏறியது. மூலையில் அடையாளம் வந்தது.

அவர் நீட்டிய தாளில், பதிவு விட்டுப்போனது டிரைவர் நிரலின் பிழை, பணியாளர் சொன்னபடியே செய்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். உதயசூரியன் இருமுறை படித்தார். "அப்ப அந்த நோட்டக் குடு, செல்வராணி. எக்ஸ்போர்ட்காரனுக்கு இதோட சேத்து அனுப்புவோம்."

செல்வராணி நோட்டைக் கொடுத்தாள். ஹரிணியின் தாளைக் கேட்டு வாங்கி, போனில் படம் பிடித்துக்கொண்டாள். பிறகு பெட்டிக்குப் போய் ரீஸ்டார்ட் கொடுத்தாள். மூலையைப் பார்த்தாள். மறுபடி கொடுத்தாள்.

"இன்னும் நம்பலையா அக்கா?" என்றாள் ஹரிணி.

"ஒங்கள நம்பித்தான மேடம் மூணு வாரம் அந்தத் தாள்ல இருந்தபடி அழுத்தினேன்," என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது முறை அழுத்தினாள்.