எந்த வர்சமே?

அப்பாவின் உடல் கிடந்த சந்தூக்கைத் தோளில் ஏற்றிச் சந்து முனையைத் தாண்டும்போது குலேத் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் வரவில்லை. முன்பக்கம் அவனும் சித்தப்பா ஹிர்சியும், பின்பக்கம் அக்கா புருஷனும் தேநீர்க்கடைக்காரர் அவ்வாலேயும். மொகதிஷு துறைமுகத்தில் இருபது வருஷம் உழைத்தவரைத் தூக்க மொத்தமே நான்கு பேர். அவனுக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

"பள்ளிவாசல்ல சொன்னீங்களா இல்லையா, சித்தப்பா?"

"மைக்குல ரெண்டு தடவை சொன்னேனே. வர்சமே நூர் மௌத்தாயிட்டாருன்னு."

"வர்சமே நூருன்னா யாருக்குத் தெரியும்? இந்த ஊர்ல முந்நூறு வர்சமே நூர் இருப்பான்."

"மெதுவாப் பேசுடா!"

சித்தப்பா பயந்ததில் நியாயம் இருந்தது. இந்த ஊரில் அப்பா வைத்த பெயர் சர்க்காரின் காகிதத்துக்கு மட்டும்தான். தெருவுக்குப் பட்டப்பெயர். நொண்டி, பல்லன், மூணுவிரல் என்று கூப்பிட்டால்தான் ஆள் திரும்பிப் பார்ப்பான். குலேத்தின் அப்பாவுக்கு வாய்த்த பட்டப்பெயர் 'ரஷ்யன்'. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கிரேன் ஓட்டப் பழக எட்டு மாதம் ஒடெஸாவுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது காதை மூடும் மயிர்க்குல்லா ஒன்றைக் கொண்டுவந்தார். பந்தயம் கட்டி, உச்சி வெயிலில் அதை மாட்டிக்கொண்டு கப்பல்துறை முழுக்க நடந்து காட்டினார். அன்றைக்கு ஒட்டிய பெயர் அது. அவர் ரஷ்யாவைப் பற்றி வேறு எதுவும் நல்லதாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை, சூப்பைத் தவிர.

நேற்று மத்தியானம் வானொலி அலறியது. எல்லைப் போரில் எதிரியான எத்தியோப்பியாவுக்கு ஆயுதம் கொடுக்கிற ரஷ்யர்கள் எல்லோரும் ஒரு வாரத்தில் மூட்டை கட்ட வேண்டுமாம். நெஞ்சு வலியோடு படுத்திருந்த அப்பா கேட்டுவிட்டுச் சிரித்தார். "சரிதான். இனிமே என் கிரேனுக்கு நட்டு போல்டு யார் அனுப்புவா? அமெரிக்காக்காரனா?" அதுதான் கடைசிப் பேச்சு. விடியற்காலைத் தொழுகைக்கு எழுப்பப் போன அம்மா தஹபோ, கதவுப் பக்கம் வந்து நின்றாள்.

பள்ளிவாசலில் அறிவிக்கச் சித்தப்பா கிளம்பும்போதுதான் அவள் வாய் திறந்தாள். "அவரு பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கடா. தெரிஞ்சவங்க நாலு பேரு நின்னு தொழட்டும். எனக்கு அது போதும்."

அமைச்சகத்தில் எழுத்தர் வேலை பார்க்கிற சித்தப்பா, போன மாதம் வரை வீட்டுக் கூடத்தில் கம்யூனிஸ்ட் தாடிக்காரர்கள் படம் மூன்றை மாட்டி வைத்திருந்தவர், நேற்று இரவே அவற்றை அடுப்பில் போட்டுவிட்டார். "இன்னைக்கு அந்தப் பேரை மைக்குல சொன்னா நம்ம வீட்டுக் கதவு மிஞ்சாது" என்று முடித்துவிட்டார்.

பெரிய தெருவில் காலை வைத்ததும் ஊரே அவர்கள் மேல் விழுந்தது. லாரிகளின் ஹார்ன், பச்சை மரக்கிளைகள், மாடியில் நின்று குலவையிடும் பெண்கள், சிவப்புப் பெயிண்ட் இன்னும் காயாத பலகைகள். "ரஷ்யர்களே, வெளியேறுங்கள்!" பத்து வருஷமாக அடக்கி வைத்திருந்ததை ஊர் ஒரே நாளில் கத்தித் தீர்த்துக்கொண்டிருந்தது. அப்பா பிணமாகக் கிடக்கும்போதும் குலேத்தின் ரத்தம் துள்ளியது. அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் துள்ளியது.

பலகை ஏந்திய ஒரு தடியன் சந்தூக்கைப் பார்த்துவிட்டான். "யாருய்யா? போர்முனையிலேருந்தா?"

சித்தப்பா ஆமென்று தலையை ஆட்டினார்.

"ஷஹீத்! ஷஹீத் வர்றாரு, வழி விடு!"

அவ்வளவுதான். வழியில் மையித்தைக் கண்டால் நாலு அடியாவது தோள் கொடுப்பது இந்த ஊர்க்காரனுக்கு நன்மை. அதுவும் போரில் செத்தவன் என்றால் விடுவார்களா? ஆயிரம் தோள்கள் நீண்டன. குலேத்தின் தோளிலிருந்து மரம் நழுவியது. சந்தூக்கு தலைகளுக்கு மேல் மிதந்து போயிற்று.

"அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடினான். "மெதுவா! மெதுவாத் தூக்குங்கய்யா!" யார் காதில் விழும்? செருப்பு ஒன்று கூட்டத்தில் போயிற்று, இன்னொன்றை அவனே உதறினான். லாரிக்காரன் ஹார்னை விடாமல் அடித்தான். மாடிகளிலிருந்து பூத்தூறலாக வாசனைத் தண்ணீர் தெளித்தார்கள். கிரேனின் உச்சிக் கூண்டில் உட்கார்ந்து ஊரைக் கீழே பார்த்தவர் இன்றைக்கும் ஊருக்கு மேலேயே போகிறார். குலேத் ஓடிக்கொண்டே சிரித்தான். கன்னம் நனைந்திருந்தது.

மையவாடியில் குழி தயாராக இருந்தது. ஷேக் மூமின் கூட்டத்தைக் கண்டு மிரண்டு போனார்.

"ஷஹீதா? அப்ப ஜனாஸாத் தொழுகை கிடையாது. குளிப்பாட்டவும் கூடாது. நேரா இறக்குங்க."

பத்துப் பேர் குழியருகே குனிந்தார்கள். குலேத் முன்னால் பாய்ந்தான். தொழுகை இல்லாமலா? அம்மா கேட்டது அது ஒன்றுதானே?

"இறக்காதீங்க!"

ஷேக் அதற்குள் துணியைத் தொட்டு முகர்ந்துவிட்டார். "குளிப்பாட்டி அத்தர் போட்டிருக்கீங்களே. எந்தப் போர்முனை?"

சித்தப்பா குலேத்தின் கையைப் பிடித்து நெரித்தார். அவன் உதறினான்.

"போர்ல சாகலை. கட்டில்ல மௌத்தானார். என் அப்பா. தொழணும்."

"பேரு?"

"வர்சமே நூர்."

"எந்த வர்சமே?"

பலகைக்காரன் முன்னால் வந்தான். அவனுக்குப் பின்னால் முந்நூறு பேர். ஏமாற்றிவிட்டார்கள் என்று முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. குலேத் சத்தமாகவே சொன்னான்.

"ரஷ்யன் வர்சமே! துறைமுகத்து ரஷ்யன்!"

தெருவில் கோஷம் மட்டும் கேட்டது.

"யாரு..." கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு கரகரத்த குரல். "குல்லாக்காரனா?"

மூட்டை தூக்குகிற பல்லன், எல்லோரையும் முழங்கையால் இடித்துக்கொண்டு வந்தான். கையில் பச்சைக் கிளை. "நம்ம ரஷ்யனா? டேய், போன வெள்ளிக்கிழமை என்னைத் திட்டினானேடா! கயித்தை ஒழுங்காக் கட்டுடான்னு திட்டினானே!" சந்தூக்கின் மேல் கையை வைத்தவன் அப்படியே குழந்தை மாதிரி அழுதான். பிறகு மதில் மேல் தாவி ஏறி, தெருவைப் பார்த்து, கோஷத்தையெல்லாம் மிஞ்சிக் கத்தினான்.

"ரஷ்யன் மௌத்தாயிட்டான்டா! துறைமுகத்துப் பசங்க எல்லாம் வாங்கடா! நம்ம ரஷ்யன் போயிட்டான்டா!"

சித்தப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஊர்வலம் அந்த இடத்தில் ஒரு நொடி இடறியது. பிறகு அதிலிருந்து ஆட்கள் பிரிந்து ஓடிவரத் தொடங்கினார்கள். தொண்டை கட்டிப்போன குரலில் ஒருவன், "ரஷ்யர்களே, வெளியே..." என்று பாதியில் நிறுத்தி, "எப்படா? எப்ப போனான்?" என்று கேட்டான். லாரியிலிருந்து ஆறு பேர் குதித்தார்கள். மூணுவிரல் வந்தான், நொண்டி மற்றவர்களை முந்திக்கொண்டு வந்தான். போர்வீரனென்று நம்பித் தூக்கி வந்தவர்களில் சிலர் முறைத்துவிட்டுப் போனார்கள். பலர் நின்றார்கள்.

"வரிசையா நில்லுங்க," என்றார் ஷேக். "கையில உள்ளதைக் கீழே போடுங்க. எப்படிக் கை கட்டுவீங்க?"

பலகைகளும் கிளைகளும் மணலில் விழுந்தன. குலேத் முதல் வரிசையில் நின்றான். மணல் கொதித்தது. அவன் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்குவதைப் பக்கத்தில் நின்ற தடியன் பார்த்தான். தன் பலகையைக் காலால் அவன் பக்கம் தள்ளினான்.

குலேத் அதன் மேல் ஏறி நின்றான். ஷேக் தக்பீர் சொல்லித் தொழுகையைத் தொடங்கினார்.

வீடு திரும்பும்போது வாசல் நிறையப் பெண்களின் செருப்புகள். அம்மா உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை பேரு?"

"ஒன்பது வரிசை, அம்மா. அதுக்கு மேல எண்ணலை."

அவள் தலையசைத்தாள். என்ன பெயர் சொன்னான் என்று கேட்கவில்லை. வாசலிலிருந்து அவன் நின்ற இடம் வரைக்கும் சிமெண்டுத் தரையில் சிவப்புப் பாதங்கள் பதிந்திருந்தன. அக்கா ஈரத்துணியோடு வந்து குனிந்தாள்.

"இருக்கட்டும்," என்றாள் தஹபோ. வந்தவர்கள் உட்கார விரித்திருந்த பாயை, அந்தப் பாதங்கள் மேல் படாமல் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.