திக்காத ஓட்டம்

விபத்தில் கால்கள் போன பிறகு அண்ணன் ஓடியது கணினி விளையாட்டில் மட்டும்தான். அந்தப் பாழாய்ப்போன ஓட்டமும் நொடிக்கு நொடி திக்கியது.

கணினி மெக்கானிக்கான தம்பி மண்டையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் காரணத்தைப் பிடித்தான். சூடு பார்க்கும் மென்பொருள் கிராபிக்ஸ் கார்டை அளக்கும் ஒவ்வொரு தடவையும் ஆட்டம் நின்றது.

"சும்மா நச்சரிச்சுக்கிட்டே இருந்துச்சுண்ணே. தூக்கிட்டேன்."

ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான்.

மறுநாள் கணினியிலிருந்து புகை வந்தபோதுதான் தம்பிக்கு உறைத்தது. கார்டைக் குளிர்விக்கும் விசிறி இரைகிறது என்று முன்பு அண்ணன் சொன்னதால், சூட்டுக்கேற்ப அதைச் சுழற்றும் வேலையை அதே மென்பொருளிடம் விட்டவனே அவன்தான்.

"எல்லாம் கருகிப் போச்சுண்ணே."

அண்ணன் கறுத்த திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இனிமே நான் எங்கடா ஓடுறது?"