மஞ்சள் தண்ணீர் பட்ட சுவர்

சுவர் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். ஒன்றா இரண்டா, வாசலோரத்திலிருந்து தடாகத்தின் அந்தப் பக்கம் வரைக்கும், யாரோ வெற்றிலை எச்சிலை ஊதித் தள்ளின மாதிரி. ஒரு செருப்பைக் கழற்றிய ஜீவராணி மறு செருப்பைக் கழற்ற மறந்து நின்றாள்.

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, நீர்த்தேக்கத்தைப் பார்த்து நிற்கிற, தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கீழே சரிவில் புதிதாக ஒரு கூடம், அதற்குள் சுடுதண்ணீர்த் தடாகம். வெளிநாட்டுக்காரர்கள் வந்து குளித்து, எண்ணெய் தேய்த்துக்கொண்டு, காசு கொடுத்துச் சும்மா படுத்திருக்கப்போகிற இடம். அதன் நாலு சுவருக்கும் சீமெந்து வேண்டாம், டைல்ஸ் வேண்டாம், சுண்ணாம்புப் பூச்சுதான் வேண்டும் என்று கொழும்பு முதலாளியம்மா ஒரே பிடியாக நின்றுவிட்டார்.

அந்த வேலை ஜீவராணிக்குத் தெரியும். பெந்தோட்டையில் ஒரு ஹோட்டல் கட்டியபோது, மொரோக்கோவிலிருந்து வந்த மேசனுக்கு எட்டு மாதம் சாந்து குழைத்துக் கொடுத்தவள் அவள். அந்த மனுஷன் பேசியதில் ஒரு வார்த்தை புரியவில்லை. கண்ணால் பார்த்தே பழகிக்கொண்டாள். சுண்ணாம்பையும் சலவைக்கல் தூளையும் கலந்து பூச வேண்டும். அது இறுகி வருகிற பதத்தில் கூழாங்கல்லால் அழுத்தித் தேய்க்க வேண்டும். சோப்புக் கரைசலைத் தடவி மறுபடியும் தேய்த்தால், ஆவியோ தண்ணீரோ உள்ளே இறங்காது. எல்லாம் பதம்தான். முந்தினால் கல்லோடு பிய்ந்து வரும், பிந்தினால் என்ன அழுத்தினாலும் மசியாது.

அந்தப் பதம்தான் அவளுக்கு எமனாக வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைசிச் சுவருக்குக் கடைசிப் பூச்சைப் பூசினாள். மத்தியானம் சேதி வந்தது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்த அம்மா, அம்மாக்கண்ணு, கண்ணை மூடிவிட்டாள்.

அன்று ராத்திரி முழுக்க, வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்திய அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் எழுந்தாள். அடக்கம் மத்தியானம்தானே, இரண்டு மணி நேரத்தில் சுவரைத் தேய்த்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று கிளம்பினாள். யாரும் தடுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு விழுந்த பனியில் சுண்ணாம்பு இறுகினால்தானே? இரண்டு மணி நேரம் ஆறு மணி நேரமானது. கீழே அந்தக் கூடத்தில் போனுக்கு சிக்னலும் கிடையாது. மழையில் நனைந்துகொண்டு அவள் தோட்டத்து லயத்து வீட்டு வாசலுக்கு வந்தபோது பாடை போய்விட்டிருந்தது. தப்பு மேளச் சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் கேட்டது. அம்மாவைக் குளிப்பாட்டவில்லை. ஒரு பிடி வாய்க்கரிசி போடவில்லை. இத்தனைக்கும் ஒரே மகள்.

அன்றிலிருந்து அவளுக்கு அழுகையே வரவில்லை. அந்தச் சுவராவது நன்றாக வந்திருக்க வேண்டும் என்ற ஒரே நினைப்புத்தான். சுவர் நன்றாக இருந்தால், இதற்காகத்தான் போனேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். அதுவும் கெட்டுப்போனால் எதற்காகப் போனாளாம்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்தாள். வந்து பார்த்தால் இந்தக் கோலம்.

“யாரு செஞ்சது இத?”

துடைப்பத்தோடு மூலையில் நின்ற ராசம்மா தலையைக் குனிந்துகொண்டாள். இருபது வருஷம் அம்மாக்கண்ணுவோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்தவள். தோட்டத்து வேலையை விட்ட பிறகு ஹோட்டலில் கூட்டிப் பெருக்குகிறாள்.

“நாந்தான் கண்ணு. நேத்து மஞ்சத்தண்ணி தெளிச்சேன். தெளிக்கிறப்ப மஞ்சளாத்தான் இருந்துச்சு, சாமி சத்தியமா.”

“எதுக்கு பெரியம்மா?”

“என்கூட வேல செய்யிற ரெண்டு புள்ளைகளும் உள்ள கால வைக்க மாட்டேன்னுதுங்க. எழவு வீட்டுலேருந்து நேரா வந்து தொட்ட சுவராம். தீட்டுக் கழியாமக் கூட்ட மாட்டோம், மனேஜருட்டச் சொல்லுவோம்னு நின்னுச்சுங்க. அவரு ஒன்னைய வேலையவிட்டு நிப்பாட்டிட்டா என்னா செய்யிறது? அதான் நானே தெளிச்சுவிட்டேன்.”

“மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா செவக்கும்னு ஒங்களுக்குத் தெரியாதா? எத்தன கல்யாணத்துக்கு ஆலத்தி கரைச்சிருப்பீங்க?”

“இது சுண்ணாம்புன்னு யாரு கண்டா? மொகம் தெரியிற மாதிரில்ல மினுங்குச்சு. சலவைக்கல்லு ஒட்டியிருக்காங்கன்னு நெனச்சேன்.”

ஜீவராணிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. தேய்த்த தேய்ப்பே வினையாகிவிட்டதே என்று இருந்தது. அதற்குள் ராசம்மா மடியிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து நறுக்கென்று கடித்துப் பிளந்துவிட்டாள். எலுமிச்சைப் புளிப்பு பட்டால் கறை மட்டுமா போகும்? பூச்சையே அரித்துவிடும். ஜீவராணி பாய்ந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போதும் பெரியம்மா. நீங்க ஒதவுனது போதும்.”

அந்த நேரம் பார்த்து மேற்பார்வையாளர் கஸ்பர் படியிறங்கி வந்தார். சுவரைப் பார்த்ததும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“இது என்ன கூத்து? யாரு வேல?”

ராசம்மா வாயைத் திறக்குமுன் ஜீவராணி முந்திக்கொண்டாள். “மஞ்சத்தண்ணி பட்டுருச்சு அண்ணே. சாமிக்குத் தெளிச்சது. சுவருக்கு ஒண்ணும் ஆகல. வெயில் பட்டா மஞ்சக்கறை வெளுத்துரும். கூரைக் கண்ணாடிய மூடியிருக்கிற கறுப்பு ஷீட்ட எடுத்துருங்க, ஒரு மூணு வாரம் போதும்.”

“வெயிலா? இங்கயா? இந்த மாசத்துலயா?”

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வெளியே எதிர்மலையே தெரியவில்லை. கஸ்பர் சுவரைப் படம் எடுத்துக்கொண்டு சிக்னல் தேடி மேலே போனார். இருவரும் தண்ணீர் விடாத தடாகத்தின் விளிம்பில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்த கஸ்பர் முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது.

“முதலாளியம்மா ஏசல. மத்த மூணு சுவரும் அவங்களுக்கு நல்லாப் புடிச்சிருக்காம். இத மட்டும் கொத்தி எடுத்துட்டு நீயே திரும்பப் பூசணுமாம். ஆனா திறப்பு விழாத் தேதிய மாத்த ஏலாது. அதுக்குள்ள நல்லாக் காயணும்னா, அடுத்த திங்க இல்ல, அதுக்கடுத்த திங்க கல்லுத் தேய்ப்பு முடிஞ்சிருக்கணும்.”

ஜீவராணி விரல்விட்டு எண்ணினாள். எண்ணத் தேவையே இல்லை, அந்த நாள் அவளுக்குத் தெரியும்.

“அன்னைக்கு எங்கம்மாவோட பதினாறாம் நாளு. கருமாதி.”

“சரி, அதுக்கென்ன. வெள்ளன வந்து ரெண்டு மணித்தியாலம் தேச்சுக் குடுத்துட்டுப் போயிரலாமே.”

கெட்ட மனுஷர் இல்லை கஸ்பர். வாய்தவறிச் சொல்லவில்லை, நிஜமாகவே முடியும் என்று நினைத்துத்தான் சொன்னார். போன திங்கட்கிழமை அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

“இல்ல அண்ணே. அன்னைக்கு வர மாட்டேன். மறுநா வேணும்னா வந்து பூச ஆரம்பிக்கிறேன்.”

“மறுநா ஆரம்பிச்சு எப்பக் காய்ஞ்சு, எப்பத் திறக்கிறது? கொழும்புலேருந்து ஆளக் கூப்பிட்டு டைல்ஸ் ஒட்டிருவாங்க தங்கச்சி. மேல இருக்கிற ரூம் வேலையும் ஒனக்கு இல்லாமப் போயிரும். யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சுட்டேன். ஒட்டட்டும்.”

சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இந்தச் சுவருக்காக ஐந்து நாளாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாளே. விட்டுவிட எவ்வளவு நேரம் பிடித்தது? கஸ்பர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு படியேறிப் போனார்.

ராசம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “என் புத்தியச் செருப்பால அடிக்கணும். ஒன் பொழப்பக் கெடுத்துப்புட்டேன்.”

ஜீவராணி அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். வேறு ஒன்றை யாரிடமாவது கேட்டுவிட வேண்டும் என்று இத்தனை நாளாகத் தவித்துக்கொண்டிருந்தாள். வெட்கத்தில் கேட்காமல் இருந்தாள்.

“பெரியம்மா, அம்மாவ யாரு குளிப்பாட்டுனா?”

“நாந்தான் தண்ணி ஊத்துனேன். வெந்நிதான். குளிர் தாங்காதே அவளுக்கு.”

“என்ன சேல கட்டுனீங்க?”

“நீ பெந்தோட்டேலேருந்து வாங்கியாந்தியே, பச்ச. அதத்தான் கட்டணும்னு அவ முன்னயே சொல்லி வச்சிருந்தா.” ராசம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “எல்லாரும் வாய்க்கரிசி போட்டு முடிச்சாங்க. இன்னும் யாரும் இருக்கீங்களான்னு சடங்கு செய்யிற பெரியவரு கேட்டாரு. மக ஒருத்தி இருக்கா, வந்துருவான்னேன். சரின்னு நின்னாங்க.”

“நின்னாங்களா?”

“ஒரு மணித்தியாலத்துக்கு மேல நின்னாங்க. தப்படிச்சவங்களும் அடிக்கிறத நிப்பாட்டிட்டு நின்னாங்க. ஆளாளுக்கு ரோட்டுக்குப் போயி எட்டிப் பாத்துட்டு வந்தாங்க. நான் ஒன் பங்கு அரிசிய வச்சுக்கிட்டு ஒங்கம்மா பக்கத்துலயே நின்னேன். மழ புடிச்சு அவ மொகத்துல தண்ணி விழவுந்தான், சரி மூடுங்கன்னு சொன்னேன்.”

தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்றுதான் இத்தனை நாளும் ஜீவராணி நினைத்திருந்தாள். அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு, பனியில், அவளுக்காக வாசலில் நின்றிருக்கிறார்கள். அம்மாவும் முகத்தை மூடாமல் காத்துக் கிடந்திருக்கிறாள்.

“அந்த அரிசி, பெரியம்மா?”

“நான் போட்டேன். ஒன் பேரச் சொல்லித்தான் போட்டேன்.”

ஜீவராணி வாய்விட்டு அழுதாள். அந்தக் காலிக் கூடம் முழுக்க அவள் குரல் கேட்டது. ராசம்மா அவளைச் சமாதானப்படுத்தப் போகவில்லை. அழுது தீரட்டும் என்று அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.