ஒரு பிடி பனி

மகள் பரணில் ஏறிக்கொண்டிருந்தபோது, கீழே அம்மா சாவது எப்படி என்று நர்சுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணை மொதல்ல மூடக் கூடாது சிஸ்டர். மூடினா பின் வரிசையில இருக்கறவனுக்கு நீ தூங்கிட்ட மாதிரி தெரியும். மொதல்ல கை." மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினாள். "அப்புறம் தலை. கண்ணு கடைசி."

மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு, தலையணைகளில் சாய்ந்தபடியே கையைத் தொங்கவிட்டும் காட்டினாள். நர்சு சிரித்தாள். வந்த முதல் நாள் இந்தப் பேச்சுக்கு முகம் சுளித்தவள்தான். இப்போது வேலை நேரம் முடிந்தாலும் கதை கேட்க உட்கார்ந்துவிடுகிறாள்.

அம்மா நாடக நடிகை. வருடக்கணக்காக ஒரே நாடகத்தின் கடைசிக் காட்சியில், கொட்டும் பனியில் விழுந்து செத்தவள். தினமும் ஒரு சாவு, ஞாயிற்றுக்கிழமையானால் இரண்டு. "செத்துச் செத்துத்தான் உன்னை வளர்த்தேன்" என்று மகளிடம் சொல்லுவாள்.

மகள் பரணில் தேடியது, நாடகத்தில் கொட்டிய பனியின் மிச்சம் இருந்த ஒரு பழைய மூட்டையை. காலையில் அம்மாவுக்குத் தலை சீவிவிட்டபடி அப்பா, "இன்னைக்கு சாயங்காலம் உனக்குப் பனி கொட்டப் போறேன்" என்று சொல்லியிருந்தார். "கொட்டுங்க கொட்டுங்க" என்று அம்மாவும் சிரித்தாள். ஆனால் அவள் கண் மகளைத் தேடி வந்து, மெல்லப் பரணைக் காட்டியது. நடிகையின் கண், அதற்குமேல் ஒரு வார்த்தை தேவைப்படவில்லை. அப்பா தொடுவதற்குள் அந்த மூட்டை வீட்டைவிட்டுப் போயாக வேண்டும்.

அந்தப் பனியே அப்பாவின் ஏற்பாடுதான். அதே நாடகக் கம்பெனியில், மேடைக்கு மேலே குறுக்குப் பலகையில் நின்று திரையும் விளக்கும் பார்த்துக்கொண்டவர் அவர். முதலில் பஞ்சைத்தான் கொட்டினார்கள். விளக்குச் சூட்டில் ஒருநாள் அது பற்றிக்கொண்டு, முன் வரிசை எழுந்து ஓடியது. அரங்குக்குப் பின்புறம் ஒரு பாய்லர் பட்டறை இருந்தது. சூடான குழாய்களுக்கு மேல் சுற்றும் வெள்ளை நாரில் மிச்சம் மீதியை அங்கே சும்மாவே கொடுத்தார்கள். அதைப் பிய்த்து உதிர்த்தால் ஆடி ஆடி இறங்கும். நெருப்பு அதை ஒன்றும் செய்யாது. பனிக்கென்றே ஆட்கள் இரண்டாம் தடவை டிக்கெட் வாங்கினார்கள். அப்பாவுக்கு மட்டும் தும்மல் வந்தது. மூக்கில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டார். சாகிறவள் துண்டு கட்டிக்கொள்ள முடியாதே.

கடைசியில் அம்மா, "பனி நின்னுடுச்சா?" என்று கேட்பாள். கதாநாயகன், "நின்னுடுச்சு" என்பான். கொட்டுவது நிற்கும், அவள் சாவாள், திரை இறங்கும். திரை தரையைத் தொட்டதும் மேலேயிருந்து ஒரு பிடி மட்டும் தனியாக வந்து அவள் முகத்தில் விழும். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனிதர், அவருடைய காதலை அப்படித்தான் சொன்னார். அவள் ஒரு கண்ணைத் திறந்து மேலே பார்த்து, உதட்டில் விழுந்ததை 'ப்பூ' என்று ஊதிவிடுவாள். ஒருநாள் கதாநாயகன் வசனத்தை மறந்துபோய் விழிக்க, பொறுக்கமுடியாமல் அப்பாவே மேலேயிருந்து "நின்னுடுச்சு" என்று சொல்லிவிட்டார். கூட்டம் அசரீரி என்று நினைத்துக் கைதட்டியது. "ஊர்ல எல்லாரும் ஆம்பளையைக் கட்டிக்கிட்டாங்க, நான் அசரீரியைக் கட்டிக்கிட்டேன்" என்பாள் அம்மா.

போன வருடம் அவளுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. எடுக்க எடுக்க ஊறியது. டாக்டர் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். நுரையீரலைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று உண்டு. அதில் வரும் புற்றுநோய் இது, அபூர்வமானது, பெயர் மீசோதெலியோமா.

"இவ்வளவு நீளப் பேரை நோட்டீஸ்ல போட்டா என் பேருக்கு இடமே இருக்காது டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. கல்நார்த் தூசியில், அதுதான் ஆஸ்பெஸ்டாஸ், எப்போதாவது வேலை செய்தீர்களா என்று கேட்டார். கண்ணுக்குத் தெரியாத நார் மூச்சோடு போய் உள்ளே தங்கிவிடும். முப்பது நாற்பது வருடம் சும்மா கிடந்துவிட்டுத் தலைகாட்டும். கப்பல் பட்டறை, கூரைத்தகடு, பாய்லர் வேலை என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். பாய்லர் என்றதும் அம்மாவின் முகம் மாறியது. பனியைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"என் வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போயிருக்கார்" என்றாள் அம்மா. "அவருக்கு இது தெரியக் கூடாது. வயசாயிடுச்சு, அதனாலன்னு சொல்லிடுங்க."

வெளியே வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ஒரு பிடிக்காகத்தான்டி நான் அவரைக் கட்டினேன். அதையே விஷம்னு சொல்லிட்டா, எனக்கப்புறம் அந்த மனுஷன் எதை நெனச்சுக்கிட்டு இருப்பாரு?"

மூக்கையும் வாயையும் இறுக்கி மூடிக்கொண்டு மகள் பரணில் பழைய பெட்டிகளை நகர்த்தினாள். மூட்டை பின்னால் இருந்தது. ஆனால் அவள் நினைத்தபடி இல்லை. கனமான பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அதை இன்னொரு உறைக்குள் போட்டு, வாயை மடித்து மடித்து ஒட்டியிருந்தது. ஒட்டியிருந்த டேப் புதிது. அம்மாவின் கன்னத்தில் குழாய் நகராமல் இருக்க வாங்கிய அதே வெள்ளை டேப்.

அவள் வெறுங்கையோடு இறங்கிச் சமையலறைக்குப் போனாள். அப்பா தரையில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் தாள் நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அம்மாவின் ஆஸ்பத்திரி ஃபைல், பாதியாக இளைத்துப்போய்க் கிடந்தது.

"நகல்தான்" என்றார் நிமிராமல். "வீட்ல வேற எங்க இவ்வளவு வெள்ளைத்தாள் இருக்கு?"

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"அன்னைக்கு மருந்துக் கடையில கூட்டமே இல்ல. உடனே வந்துட்டேன். டாக்டர் ரூம் கதவு சாத்தல." ஒரு தாளை நாலாக மடித்தார். "மூட்டையை எடுத்துட்டுப் போக நகராட்சியில சொல்லியிருக்கேன். நாளைக்கு வருவாங்க. நீ அதைத் தொடாத."

"ஏன்ப்பா சொல்லல? இத்தனை நாளா எப்படி?"

"அவ எனக்காக நடிக்கறா. நடுவுல புகுந்து கெடுக்கலாமா?" கத்தரிக்கோல் சற்று நின்றது. "அவ நடிக்கறதை எப்பவும் மேல இருந்துதான் பாத்திருக்கேன். கூட நடிச்சதே இல்ல. இப்பதான் சான்ஸ் கெடச்சிருக்கு. அவகிட்ட சொல்லிடாத."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே ஒரு துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "இந்த நோய் பேரை வெட்டத்தான் நேரமாகுது, முடியவே மாட்டேங்குது" என்றார். மகளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இன்னொரு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அவளும் உட்கார்ந்தாள்.

அம்மாவிடம் போனபோது அவள் சைகையால் கிட்டே அழைத்தாள். "மூட்டை?"

"இனிமே இல்லம்மா. அப்பா தாள் வெட்டிக்கிட்டு இருக்காரு."

அம்மா நிம்மதியாகக் கண்ணை மூடினாள். "பாவம். மனுஷனுக்கு ஒண்ணுமே தெரியாது."

மதியத்துக்குமேல் மூச்சு இன்னும் குறைந்தது. நர்சு நாடி பார்த்துவிட்டு மகளை ஒருமுறை பார்த்தாள். வீட்டுக்குப் போகாமல் தங்கிவிட்டாள். வெயில் சாய்ந்து சுவரில் ஏறியபோது அப்பா ஏணியைக் கொண்டுவந்து கட்டிலருகே போட்டார். தோளில் பையை மாட்டிக்கொண்டு, அந்த வயதிலும் தயக்கமில்லாமல் ஏறினார்.

பனி விழுந்தது. போர்வையிலும் நர்சின் தொப்பியிலும் ஆக்ஸிஜன் உருளையின் தலையிலும் விழுந்தது. மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டிருந்தார். துண்டுகள் அவசரமில்லாமல் சுற்றி இறங்கின. "என்னம்மா இது, உண்மையாவே குளிருது" என்றாள் நர்சு. அம்மா உள்ளங்கையை விரித்து ஒரு துண்டைப் பிடித்து, கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"இதுல... என் ரத்த அளவு எழுதியிருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஏணி ஆடும்படி அப்பா சிரித்தார்.

பிறகு அவள் தலையைச் சரியாகச் சாய்த்துக்கொண்டாள். குரல் தாழ்ந்திருந்தாலும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது.

"பனி நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு" என்றார் அப்பா மேலேயிருந்து.

கை தளர்ந்தது. தலை சாய்ந்தது. கண் மூடியது. மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கை பைக்குள் போய் வெளியே வந்திருந்தது. பிடி நிறையத் தாள். விரல் திறக்கவில்லை.

அம்மா ஒரு கண்ணைத் திறந்தாள்.

"எங்க... என் பிடி?"

அவர் விரல்களைத் திறந்தார். முழுப் பிடியும் இறங்கி அவள் நெற்றியிலும் கன்னத்திலும் பரவியது. அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். மறுபடி மூடிக்கொண்ட கண்ணுக்குள்ளும் அது தெரிந்தது. ஒரு துண்டு மட்டும் மேலுதட்டில் உட்கார்ந்துகொண்டது. நர்சு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா ஊதுவதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.

துண்டு லேசாக எழுந்தது, படிந்தது. இன்னொரு முறை, அதைவிட லேசாக எழுந்தது.

பிறகு அப்படியே இருந்தது. நர்சு நாற்காலியிலிருந்து எழுந்தாள். அப்பா ஏணியில், காலியான பையோடு, அந்த உதட்டையே பார்த்தபடி இன்னும் சற்று நேரம் நின்றார்.