சத்தம் கேட்டாத்தான் இப்படி

பாட்டுக்கு ஆடும் புது நீரூற்றை முதன்முதலாக ஓடவிட்டுப் பார்த்த சாயங்காலம், தையல்காரி முன்னறையில் ஒரு ஹோட்டலுக்கான திரைச்சீலைகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். முதலில் ஜெனரேட்டர் உறுமியது. அடுத்து, வீட்டுக்குள்ளேயே யாரோ டிரம் அடிப்பதுபோல ஒரு சத்தம் கிளம்பி ஜன்னல் கண்ணாடிகளெல்லாம் நடுங்கின. அவளுக்குப் படுக்கையறை ஞாபகம்தான் வந்தது. துணியை ஊசியோடு அப்படியே விட்டுவிட்டு, ஜன்னலைச் சாத்த உள்ளே ஓடினாள்.

ஆனால் சாத்தவில்லை. கட்டிலில் கிடந்த புருஷனின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. வெளியே, பின்பக்கத்து மனையில், தண்ணீர் மாடி உயரத்துக்கு எழுந்து வளைந்து விழுந்தது. பச்சையும் ஊதாவுமாக அதன் வெளிச்சம் அறைச் சுவர்களில் ஓடியது. அவருடைய இடது கை கட்டில் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

அவர் மினிபஸ் ஓட்டியவர். அந்தத் தெருவில் டிரைவர் என்றால் அவர்தான். விமான நிலையத்திலிருந்து கடற்கரை ஹோட்டல்களுக்கு ஆட்களை ஏற்றிவருவார். வழியெல்லாம் ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டு பாடுவார். பாதிப் பாட்டுக்கு வார்த்தை தெரியாது; தெரியாத இடத்தில் சாலையோரக் கடைகளின் பெயர்ப்பலகைகளைச் சேர்த்துப் பாடிவிடுவார். போன வருஷம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாஷ்பேசின் பக்கமாகச் சரிந்தார். வலது பக்கம் போனது, பேச்சும் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு அவர் எதையும் விரும்பிப் பார்த்ததில்லை. டிவி போட்டால் கண்ணை மூடிக்கொள்வார். வெளிநாட்டிலிருந்து மகள் போனில் முகம் காட்டினால் சுவரைப் பார்ப்பார்.

இப்போது தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு உச்சத்துக்குப் போனபோது தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வலியில் முனகுகிறார் என்று பதறி அவள் அருகில் போனாள். அது முனகல் இல்லை. ராகம்.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அதிலிருந்து சாயங்காலம் அவர்களுக்கு ஒரு விசேஷ வேளையாகிவிட்டது. இருட்டத் தொடங்கும் முன்பே அவருக்கு உடம்பு துடைத்து, சட்டை மாற்றி, தலையணையை உயர்த்தி வைத்துவிடுவாள். நீரூற்று ஆடும்போது மசித்த சாப்பாட்டை ஸ்பூனில் கொடுத்தால் அவருக்கே தெரியாமல் வாயைத் திறப்பார். மற்ற வேளைகளில் நாலு வாய் இறங்குவதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்று ஆகிவிடும். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வரும் பிசியோகூட இடது கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னக்கா, மனுஷன் இப்பத்தான் ஒத்துழைக்கிறார். என்ன மந்திரம் போட்டீங்க?" என்று கேட்டான். அவள் சிரித்து மழுப்பினாள். நீரூற்று என்று சொல்ல நாக்கு வரவில்லை. ஏனென்றால் அதற்குள் தெருவே அந்த நீரூற்றைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது.

திட்டியதில் தப்பும் இல்லை. ராட்சத ராட்டினம் வந்தபோது யாரும் குறை சொல்லவில்லை. அது ரோட்டுக்கு அந்தப் பக்கம். கடலுக்கு மேல் கண்ணாடிப் பாலம் போட்டபோது குடும்பத்தோடு போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். புது ஹோட்டல்கள் வரவர தையல்காரிக்கும் வேலை குவிந்தது. நீரூற்று மட்டும் வீடுகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. தினமும் இரண்டு காட்சி, விடுமுறை நாளென்றால் நாலு. தெருவில் வேன்கள் அடைத்து நின்றன. லேசர் வெளிச்சம் சமையலறைக்குள் புகுந்தது. கீழ்வீட்டு டீச்சர் அக்காவின் பேத்தி பிறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. முதல் டிரம் சத்தத்துக்கே தூக்கிப்போட்டு எழுந்து, மூச்சு நின்று போகிற மாதிரி அழும்.

"அங்க தண்ணி டான்ஸ் ஆடுது, நம்ம குழாய்ல காத்து பாட்டுப் பாடுது" என்றார் டீச்சர் அக்கா. அவருக்கு ஒற்றைத் தலைவலி வேறு. நெற்றியில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டே விடைத்தாள் திருத்துவார்.

டிரைவர் விழுந்த அன்று தையல்காரி மாடியிலிருந்து போட்ட கூச்சலுக்கு முதலில் ஓடிவந்தது டீச்சர் அக்காதான். ஆம்புலன்ஸ்காரர்கள் வருவதற்குள் அக்காவின் மருமகன் டிரைவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கீழே இறக்கினார். ஆஸ்பத்திரியில் அவள் இருந்த நாளெல்லாம் சாப்பாடு போனது அந்த வீட்டிலிருந்துதான். இன்றைக்கும் அவள் துணி கொடுக்க ஹோட்டலுக்குப் போனால் அக்கா மேலே வந்து டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அந்த நன்றி அவள் கழுத்துவரை இருந்தது.

ஒருநாள் அக்கா மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"நம்ம தெரு கொடுத்த புகாருக்கு நகரசபையிலிருந்து அதிகாரி வர்றாங்க. எல்லார் வீட்டையும் பார்க்கப் போறாங்களாம். முதல்ல உன் வீட்டுக்குத்தான் கூட்டிட்டு வரேன்."

"எங்க வீட்டுக்கு எதுக்குக்கா?"

"நல்லா கேட்ட. குழந்தை அழுதா எல்லாக் குழந்தையும் அழத்தான் செய்யும்னு சொல்லிடுவாங்க. என் தலைவலியை எவன் பார்த்தான்? படுத்த படுக்கையா கிடக்குற மனுஷன் தலைமாட்டுல இப்படி ஒரு சத்தம்னா, அதைப் பார்த்துட்டு யாரும் சும்மா போக முடியாது."

அப்போது சொல்லியிருக்கலாம். அவருக்கு அது பிடிக்குதுக்கா என்று நாலு வார்த்தை. வாய்வரை வந்தது. அக்காவின் கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாமல் கறுத்துக் கிடந்ததைப் பார்த்தாள். உன் புருஷன் பாட்டுக் கேட்பதற்காக என் பேத்தி தூங்காமல் கிடக்கணுமா என்று அக்கா கேட்டால் என்ன பதில் இருக்கிறது? கேட்கமாட்டார், ஆனால் மனதில் நினைப்பார். அதுவே போதும்.

"சரிக்கா" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் போட்ட கணக்கு இதுதான்: பொய் சொல்லக் கூடாது, உண்மையையும் காட்டக் கூடாது. கட்டிலைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டு, ஜன்னலைச் சாத்தி, கனமான ஹோட்டல் திரைச்சீலை ஒன்றை அதன் மேல் தொங்கவிட்டால் அவருக்கு எதுவும் தெரியாது. பேசாமல் படுத்திருப்பார். அதிகாரி ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

அதிகாரி சின்ன வயதுப் பெண். வாசலிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பின்னால் டீச்சர் அக்கா. மூன்று பேரும் படுக்கையறையில் நின்றிருந்தபோது ஜெனரேட்டர் உறுமியது.

டிரைவரின் தலை அசைந்தது. டிரம் தொடங்கியதும் ஜன்னலைத் தேடி முகத்தைத் திருப்பப் பார்த்தார். முடியவில்லை. கண்முன் வெறும் சுவர். இடது கையால் கட்டில் கம்பியை ஒரு தடவை தட்டினார், மறுபடி ஓங்கித் தட்டினார். பிறகு வாயைக் கோணிக்கொண்டு ஒரு சத்தம் போட்டார். அந்த மாதிரிச் சத்தத்தை தையல்காரி அதுவரை கேட்டதில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. போர்வையை இழுத்து எறிந்தார்.

"ஐயோ, பாருங்க மேடம்" என்றார் டீச்சர் அக்கா. அவர் குரலும் உடைந்துவிட்டது. "இப்படித்தான் தினமும் ஒரு மனுஷன் கிடந்து தவிக்கிறார்."

அதிகாரி தையல்காரியைப் பார்த்தாள். "எப்பவும் இப்படித்தான் இருப்பாராம்மா? இல்ல, இந்தச் சத்தத்தாலயா?"

அவள் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலைத் திருப்பியது யார் என்று அவருக்குத் தெரியும்.

"சத்தம் கேட்டாத்தான் இப்படி" என்றாள்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

சீக்கிரமே உத்தரவு வந்தது. குடியிருப்புக்கு நடுவில் நீரூற்றுக் காட்சி நடத்தக் கூடாது. நீரூற்றுக் கம்பெனிக்காரர்கள் குழாய்களையும் விளக்குகளையும் பிடுங்கிக்கொண்டு கடற்கரையின் அந்தக் கோடிக்கு, படகுத்துறைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள். தெரு மூச்சு விட்டது. டீச்சர் அக்கா ஒரு டப்பா நிறைய இனிப்போடு மேலே வந்து தையல்காரியைக் கட்டிக்கொண்டார். "உன்னாலதான். குழந்தை நேத்து முழுக்கத் தூங்குச்சு. உன் வீட்டுக்காரருக்கும் இனிமே நிம்மதி."

அவருக்கு நிம்மதி இல்லை. கட்டிலை அவள் பழையபடி திருப்பிப் போட்டிருந்தாள். வெளிச்சம் மங்கினால் முகத்தை ஜன்னலுக்குத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருப்பார். முழுக்க இருட்டிய பிறகும் பார்த்துக்கொண்டே இருப்பார். போனில் அதே பாட்டைத் தேடிப் போட்டுப் பார்த்தாள். போனைத் தட்டிவிட்டார். கலர் பல்ப் வாங்கி மாட்டினாள். அதை அவர் கண்டுகொள்ளவே இல்லை. சாப்பாட்டுக்கு வாயை இறுக்கிக்கொண்டார். பிசியோ வந்து கையைத் தூக்கினான். விட்டதும் அது பொத்தென்று விழுந்தது. "என்னக்கா, மறுபடி விட்டுட்டாரே" என்றான்.

இதற்கு மேல் தாங்காது என்று ஒருநாள் மொட்டைமாடியில் டீச்சர் அக்கா குழந்தைத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். ராகம், தாளம், கட்டிலைத் திருப்பியது, எதையும் மிச்சம் வைக்கவில்லை.

அக்கா கையிலிருந்த ஈரத் துணியை உதறாமல் அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார். திட்டுவார் என்று தையல்காரி எதிர்பார்த்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"குழந்தை தூங்காம கிடக்கும்போது எப்படிக்கா..."

"சாயங்காலம் ஒரு காட்சி, சத்தத்தைக் குறைச்சு வைங்கன்னு அவங்களைக் கேட்டிருப்பேன். தெருவுல ஒவ்வொரு வீடா ஏறி இறங்கி நானே பேசியிருப்பேன். அவரை நாற்காலியில தூக்கிட்டுப் போனது எங்க வீட்டு ஆள்தானே. அவர் சந்தோஷத்தைப் பார்த்து நாங்க வயிறெரிவோம்னு நினைச்சியா? என்னை என்னன்னு நினைச்ச நீ?"

தையல்காரி கொடியிலிருந்த கிளிப் ஒன்றைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பொண்ணு முன்னாடி, தினமும் தவிக்கிறார்னு நான் வாய்விட்டுச் சொன்னேனே" என்றார் அக்கா. "என் வாயாலயே சொல்ல வெச்சுட்டியே." துணியைக் கொடியில் போட்டுவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அதன்பிறகு அக்கா மேலே வரவில்லை. படியில் எதிர்ப்பட்டால் "சாப்பிட்டாரா?" என்று மட்டும் கேட்பார். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்காவின் மருமகன் ஒரு சக்கர நாற்காலியோடு வந்து நின்றார். யாரிடமோ இரவல் வாங்கியது. "அத்தை அனுப்பினாங்க. படகுத்துறைக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க" என்றார்.

இரண்டு பேருமாக டிரைவரைக் கீழே இறக்கினார்கள். புதிதாகப் போட்ட கடற்கரை நடைபாதையில் தள்ளிக்கொண்டு போனார்கள். வெளிக்காற்று பட்டதும் அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். ராட்டினம், பலூன் சுடும் துப்பாக்கிக் கடை, ஐஸ்கிரீம் வண்டிகள், தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு திரியும் பிள்ளைகள். அவர் ஊரில் இல்லாதபோது வந்து சேர்ந்ததுபோல எல்லாவற்றையும் பார்த்தார். நீரூற்றைச் சுற்றிப் படிக்கட்டு கட்டியிருந்தார்கள், நாற்காலி ஏறாது. காவலாள் இரக்கப்பட்டு, கயிற்றை அவிழ்த்து, ஸ்பீக்கர் கம்பத்துக்குப் பக்கத்தில் இடம் காட்டினான். தண்ணீருக்கு மிக அருகில்.

தையல்காரி அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "என்னங்க, இப்பப் பாருங்க" என்றாள்.

டிரம் அடித்தது. நாற்காலியின் கைப்பிடி வழியாக அவள் உள்ளங்கை அதிர்ந்தது. தண்ணீர் தலைக்கு மேல் எழுந்து, அவர்கள்மேலேயே விழப்போவதுபோல வளைந்தது. டிரைவரின் உடம்பு ஒருபக்கமாகச் சுருண்டது. இடது கையைத் தூக்கி இடது காதைப் பொத்திக்கொண்டார். வலது காதைப் பொத்த அவருக்குக் கையில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் காதைத் தோளில் அழுத்தப் பார்த்தார். கழுத்து அவ்வளவு தூரம் வளையவில்லை. அவள் பாய்ந்து தன் இரண்டு கையாலும் அந்தக் காதை மூடினாள்.

"திருப்புங்க தம்பி, திருப்புங்க" என்றாள்.

மருமகன் கூட்டத்தை விலக்கி நாற்காலியைத் தள்ளினார். ஐஸ்கிரீம் வண்டிகளைத் தாண்டும்வரை அவள் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. அவருக்குப் பிடித்திருந்தது தன் ஜன்னல் வழியாக, தன் சுவரில், தன் கட்டிலுக்கு வந்துபோன நீரூற்று. இது அது இல்லை.

வீட்டு வாசலில் டீச்சர் அக்கா பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"பார்த்தாரா?"

பார்த்தார் என்று சொல்லிவிட்டு மேலே போயிருக்கலாம். அதுவும் பொய்யாக இருக்காது.

"பயந்துட்டார்க்கா" என்றாள் தையல்காரி. "ரொம்பப் பயந்துட்டார்."

அக்கா அவரைப் பார்த்தார். சட்டையெல்லாம் நீரூற்றுத் தண்ணீர் தெறித்து நனைந்திருந்தது. குழந்தையை உள்ளே மகளிடம் கொடுத்துவிட்டு வந்து, நாற்காலியின் ஒரு கால் பக்கம் பிடித்தார். மூன்று பேருமாகப் படியேற்றினார்கள். திருப்பத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினார்கள். மேலே வந்ததும் அக்கா தானே துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டிவிட்டு, "கோபம் போகலை எனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பின்பக்கத்து மனையைக் கம்பெனி ஒரு ஹோட்டலுக்கு விற்றுவிட்டது. மழைக்காலம் முடிந்ததும் தகரத் தடுப்பு எழும்பியது, பிறகு தூண்கள். ஜன்னலில் தெரிந்த வானம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. டிரைவர் பகலில் கொத்தனார்கள் ஏறி இறங்குவதைப் பார்ப்பார். சில நாள் பார்ப்பார், சில நாள் பார்க்கமாட்டார். தாளம் திரும்ப வரவில்லை. மூன்றாவது தளம் எழும்புகிற வரை அந்த ஜன்னலுக்கு வெளிச்சம் உண்டு என்று கொத்தனார் ஒருவன் சொன்னான். தையல்காரி மிஷினை அந்த அறைக்கே கொண்டுவந்து, அவர் கட்டிலை ஒட்டிப் போட்டுக்கொண்டு தைத்தாள்.