லமாண்ட் மேல கை வெச்சவன்

லமாண்ட் ஹேஸை வித்துட்டு ரெண்டு பொடியன்களை வாங்கினது யாரோட யோசனைன்னு பஃபலோ ஊர் முழுக்கச் சண்டை. யாரோடதா இருந்தா என்ன, அவன் விளங்கமாட்டான். பதினோரு வருஷம் இந்த ஊருக்காகக் கூடைப்பந்து ஆடினவனை, முப்பத்தஞ்சு வயசாச்சு, கால் ஓடலைன்னு சான் டியேகோவுக்குத் தள்ளிவிட்டாங்க. பதிலுக்கு வந்த ரெண்டு பேரும் தடுப்பாட்டத்துல புலியாம். நான் பஃபலோ டீமோட பிசியோ. எல்லார் கணுக்காலுக்கும் கட்டுப் போடுறவன். என்னை யார் யோசனை கேட்டாங்க?

நான் சொல்ல வந்தது க்ளைட் பர்னெட்டைப் பத்தி. ஆள் மலை மாதிரி இருப்பான், கூடை போட வராது. டீம்ல அவனுக்கு இருந்தது ஒரே வேலை. லமாண்டை எவனாவது முரட்டுத்தனமா இடிச்சுக் கீழ தள்ளினா, க்ளைட் உள்ளே போய் அவனைப் படுக்க வெச்சுட்டு வருவான். ஒருத்தனுக்கு மூக்கு, ஒருத்தனுக்கு விலா, ஒருத்தனுக்குக் கண்ணே போகப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் அவன் முஷ்டியைக் கழுவி மருந்து போட்டவன் நான்.

லமாண்ட் சான் டியேகோ சட்டையில முதல்முறையா இங்க ஆட வந்தது ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். ஆட்டத்துக்கு முன்னாடி கோச் ஹாலரன் என் அறைக்கு வந்தான். மேசையில க்ளைட் காலை நீட்டிட்டு இருந்தான்.

"லமாண்டுக்கு இன்னைக்கு ஓசியில ஒரு கூடை கிடையாது. உள்ளே வந்தா, நீயே அவனைப் படுக்க வை. உன் ஒப்பந்தம் இந்த வருஷத்தோட முடியுது. அதையும் நினைச்சுக்கோ."

"சரி கோச்," என்றான் க்ளைட். கால் கட்டை நான் இறுக்கினதுகூட அவனுக்கு உறைக்கல. இங்கேர்ந்து துரத்தினா அவனைச் சீந்த ஆள் கிடையாது. அது எங்க மூணு பேருக்குமே தெரியும்.

பெரிய திரையில லமாண்டோட பழைய ஆட்டமெல்லாம் ஓடிச்சு. அரங்கமே எழுந்து நின்னு அழுதது. அழுதுட்டு இருக்கும்போதே ஆட்டமும் ஆரம்பிச்சுது. லமாண்டுக்கு வெலையா வந்த பொடியன்ல ஒருத்தன் டேவியன், இருபது வயசு. லமாண்ட் திரும்பின பக்கமெல்லாம் அவன்தான் நின்னான். பொறுக்க முடியாம லமாண்ட் முழங்கையால அவன் வாயில ஒண்ணு விட்டான். உதடு கிழிஞ்சு ரத்தம் கொட்டிச்சு. பையன் அதைத் துப்பிட்டுச் சிரிச்சான்.

"அவ்வளவுதானா தாத்தா? இன்னொரு தடவை வாங்க, கதவு திறந்தே இருக்கு."

அப்புறம் லமாண்டுக்கு ஒரு கூடைகூட விழல. லமாண்ட் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சகிக்கல.

மூணாவது பகுதியில க்ளைடை இறக்கினாங்க. லமாண்ட் பந்தோட உள்ளே பாய்ஞ்சான், டேவியன் நெஞ்சை நிமித்தி குறுக்க நின்னான். லமாண்ட் பின்னால பறந்து மல்லாந்து விழுந்தான். தலை தரையில மோதின சத்தம் எனக்கே கேட்டது. நடுவர் டேவியன் மேலதான் தப்புன்னு பவுல் ஊதினார்.

அவ்வளவுதான். க்ளைட் பாய்ஞ்சு வந்து டேவியன் தாடையில குத்தினான். பையன் சரியறதுக்குள்ள இன்னொண்ணு. கீழ விழுந்தவன் வயித்துல முட்டியால ஒண்ணு. பிடிக்க வந்த ஹாலரன் மூக்கு உடைஞ்சுது. லமாண்டுக்குக் காவலா ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு க்ளைட் நின்னான், எங்க டீமையே முறைச்சுக்கிட்டு.

"அவன் நம்ம ஆளுடா, பைத்தியக்காரா," என்று யாரோ கத்தினாங்க. அப்பதான் கீழ கிடந்த பையனோட சட்டை நிறத்தை க்ளைட் பார்த்தான். அப்புறம் தன் சட்டையைப் பார்த்தான். நான் டேவியனோட ரெண்டு பல்லைப் பொறுக்கித் துணியில சுத்திட்டு இருந்தேன். தாடை ஒரு பக்கமாத் தொங்கிச்சு. ஐயோ, அந்தப் பையன் முனகின முனகல்.

மூக்குல பஞ்சோட ஹாலரன், என் அறையில உட்கார்ந்திருந்த க்ளைடைத் தேடி வந்தான். "சட்டையைக் கழட்டி வெச்சுட்டுப் போ. உனக்கு இனி எந்த ஊர்லயும் ஆட்டம் கிடையாது." அவன் கதவை அறைஞ்சுட்டுப் போனதும், உடைஞ்ச விரலுக்குக் கட்டுப் போட க்ளைட் கையை இழுத்தேன்.

கொஞ்ச நேரத்துல லமாண்ட் வந்தான்.

"தலை எப்படி இருக்கு?" க்ளைட்தான் முதல்ல கேட்டான்.

"ஏண்டா இப்படிப் பண்ணே?"

"உன்னைத் தள்ளினான்ல. கண்ணுல பட்டது அது மட்டும்தான்."

லமாண்ட் ஸ்டூல்ல உட்கார்ந்தான். "அவன் தள்ளல க்ளைட். அவனைத் தாண்டிப் போக எனக்கு இப்ப கால் இல்ல. பவுலாவது கிடைக்கட்டும்னு நானேதான் விழுந்தேன்."

க்ளைட் அவனை நிமிர்ந்து பார்த்தான்.

"இந்த ஒரு தடவைதானா?"

லமாண்ட் தரையைப் பார்த்தான்.

"அந்த மூக்கு? அந்த விலா? கண்ணு போகப் பார்த்துச்சே, அந்த ஆளு?"

"எல்லாரும் பண்றதுதானே," என்றான் லமாண்ட்.

க்ளைட் என் பிடியிலேர்ந்து கையை உருவி, அதே உடைஞ்ச முஷ்டியால லமாண்ட் வாயில குத்தினான். நான் கட்டைப் பாதிதான் சுத்தியிருந்தேன்.