பருத்தி வாக்கியம்

உச்சி மாநாட்டில் ஏழு பணக்கார நாட்டுத் தலைவர்களும் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பார்கள் என்று நம்புகிறவர்கள் பாக்கியவான்கள். தலைவர்கள் விமானம் ஏறும் முன்பே பேச வேண்டியதையெல்லாம் ஏழு அதிகாரிகள் மாதக்கணக்கில் பேசித் தீர்த்திருப்பார்கள். அவர்களுக்கு ஷெர்ப்பா என்று பேர், இமயமலையில் மூட்டை தூக்குகிறவர்களின் பேர். மூட்டை இவர்கள் தலையில், உச்சியில் நின்று படம் பிடித்துக்கொள்வது தலைவர்கள்.

ஒர்னெல்லா வெத்ஸானி இந்த வருஷம் மாநாட்டை நடத்தும் நாட்டின் ஷெர்ப்பா. அறிக்கையில் எத்தனையோ பக்கம் எழுதினாள். ஆனால் இது என்னுடையது என்று அவள் மனசு ஒட்டிக்கொண்டது ஒரே ஒரு வாக்கியத்தில்தான். பணக்கார நாடுகள் தங்கள் பருத்தி விவசாயிகளுக்கு அள்ளிக் கொடுக்கும் மானியத்தை நிறுத்திக்கொள்ளும் என்ற வாக்கியம். அந்த மானியத்தால்தான் உலகச் சந்தையில் விலை படுத்துவிட, மேற்கு ஆப்பிரிக்காவில் பருத்தி போட்டவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

யாராவது ஒத்துக்கொள்ளாத வாக்கியத்தை ஷெர்ப்பாக்கள் அடைப்புக்குறிக்குள் போட்டு வைப்பார்கள். எல்லோரும் தலையாட்டினால் குறி போய்விடும். போன மாதம் பருத்தியின் குறி போனதும் ஒர்னெல்லாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மாநாட்டுக்கு விருந்தாளியாக அழைக்கப்பட்டிருந்த பருத்தி நாட்டு அதிபரின் ஆலோசகர் தியேபா சனூவுக்கு உடனே ஃபோன் போட்டாள்.

"குறியை எடுத்தாச்சு தியேபா. இனிமே அது கல்வெட்டு!"

"அடியே அவரைக்கொட்டை தின்னி, உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்!" என்று கத்தினார் அவர். அவர் ஊரில் முறைக்காரர்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் வைவார்கள். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. எத்தனையோ மாநாடுகளில் பழகிப் பழகி ஒர்னெல்லாவையும் அவர் முறைக்காரியாக்கி வைத்திருந்தார்.

கல்வெட்டாம்! அறிக்கை வெளியே வரும்வரை எதுவும் கல்வெட்டு இல்லை என்று அவளுக்குத் தெரியாதா என்ன? வாய் சும்மா இருந்தால்தானே.

மாநாட்டின் இரண்டாம் நாள் காலை, ஏரிக்கரை ஹோட்டலில் சாப்பிட உட்கார்ந்தாள். எதிரே ஹார்லன் வந்து உட்கார்ந்தார். கடல் தாண்டி வந்த ஷெர்ப்பா. பருத்தி மானியத்தை அதிகம் அள்ளிக் கொடுப்பது அவர் நாடுதான். தன் நாட்டுப் பாலாடைக்கட்டியின் பேரை வெளிநாட்டுக்காரர்கள் திருடக் கூடாது என்று அறிக்கையில் ஒரு வரி வந்தே ஆக வேண்டும் என்று ஒர்னெல்லாவின் பிரதமர் குதித்துக்கொண்டிருப்பது ஹார்லனுக்கு நன்றாகத் தெரியும். மாட்டுப்பண்ணைக்காரர்கள் ஓட்டுப்போடும் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது.

"பாலாடைக்கட்டியை நீ வச்சுக்கோ. பருத்தியை எடுத்துடு," என்றார் ஹார்லன், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

"அது முடிஞ்சுபோன விஷயம் ஹார்லன்."

"உன் பிரதமரும் முடிஞ்சுபோன விஷயமாகணுமா?"

அவள் சண்டை போட்டாள். கெஞ்சினாள். கடைசியில் சரி என்றாள். ஒரு காபி ஆறும் நேரத்துக்குள் சரி என்றுவிட்டாள், அதுதான் கொடுமை.

திருத்திய அறிக்கை மற்ற ஷெர்ப்பாக்களுக்குப் போனது. மதியச் சாப்பாட்டுக்குள் யாரும் எதிர்ப்புச் சொல்லாவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று அர்த்தம். மௌனம் சம்மதம் என்று நாம் கல்யாணப் பேச்சில் சொல்வோம். அங்கே உலகமே அதில்தான் ஓடுகிறது. ஆளாளுக்குத் தன் தலைவருக்கு வேண்டியது இருக்கிறதா என்று பார்த்தார்களே தவிர, பருத்தியைத் தேடியவர் ஒருவரும் இல்லை. எதிர்ப்பு வந்துவிடாதா என்று ஒர்னெல்லா ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை.

விருந்தாளிகள் மதியம்தான் வருவார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வெள்ளை அங்கி சரசரக்கத் தியேபா காபி மேசைக்கு வந்தார்.

"ஊர்ல மழை இறங்கிடுச்சு. பருத்தி போடவா, சோளம் போடவான்னு கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கறாங்க. அதிபர் பேசறதை வானொலியில நேரடியாப் போடறாங்க. இன்னிக்கு அந்தக் குழப்பம் தீர்ந்துது!"

"தியேபா, ஒரு விஷயம்..."

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே? தூங்கலையா?"

"ஆமா. தூங்கல."

சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். அவர் போய்விட்டார். பாவி, சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லியிருந்தால் அதிபர் பேச்சையாவது மாற்றியிருப்பார்.

விருந்தில் பேச அதிபர் எழுந்தார். உயரமான மனிதர், நிதானமான குரல். உங்களுக்கு வாக்குக் கொடுக்கத் தெரியும், காப்பாற்றத் தெரியாது என்று சொன்னவர்களுக்கு இன்றைக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றார். பருத்தி வாக்கியத்தை எழுத்து பிசகாமல் மனப்பாடமாகச் சொன்னார். ஏழு தலைவர்களும் கைதட்டினார்கள். அந்த வாக்கியம் அறிக்கையில் இல்லை என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

முன்னால் உட்கார்ந்திருந்த பிரதமர் ஒர்னெல்லா பக்கம் சாய்ந்தார். "இந்தப் பருத்தி நம்ம சாதனைதானேம்மா? பத்திரிகைக்காரங்ககிட்ட சொல்லிடட்டுமா?"

"வேண்டாம் சார். காலையில எடுத்துட்டோம். பாலாடைக்கட்டிக்காக."

"அப்படியா?" அவர் சிரிப்பு மாறவே இல்லை. "சரி, கையைத் தட்டும்மா. எல்லாரும் பாக்கறாங்க."

அவளும் தட்டினாள். தன் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று இருந்தது.

விருந்து முடிந்தபோது வாசலில் அச்சடித்த அறிக்கையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தியேபா ஒன்றை வாங்கி நின்றபடியே புரட்டினார். ஒருமுறை புரட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். பிறகு அவளிடம் வந்தார்.

"எப்போ எடுத்தீங்க?"

"காலையில."

"காபி குடிக்கறப்போ உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் வைவார் என்று காத்திருந்தாள். வைதிருந்தால் தேவலை.

"அதிபர்கிட்ட இப்ப மூச்சு விடாதே," என்றார். "விமானத்துல நான் சொல்லிக்கறேன். இவங்க முன்னாடி அவர் தலை குனியக் கூடாது."

"வானொலியில சொன்னது?"

"ஊர்ல பருத்தி விதை மூட்டையை இந்நேரம் பிரிச்சிருப்பாங்க."

அதற்குள் அதிபரே அவர்களைப் பார்த்து வந்துவிட்டார். வந்தவர் ஒர்னெல்லாவின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சந்தோஷம் வந்தால் அவருக்குத் தாய்மொழிதான் வரும். மடமடவென்று பேசினார். தியேபா அவளைப் பார்த்து ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். குரல் பிசிறவில்லை.

"பேரு தெரியாத குடியானவனுக்காக நீ மல்லுக்கட்டினேன்னு நான் அவருக்குச் சொல்லியிருந்தேன். அதுக்கு நன்றி சொல்றார். இந்த வருஷம் முதல் பருத்தியை உன் கையாலதான் பறிக்கணுமாம். அவரோட அம்மா வயல்ல. கண்டிப்பா வரணுமாம்."

அதிபர் கையை விடவில்லை. சிரித்த முகமாய் அவள் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார் தியேபா.

ஒர்னெல்லாவால் அந்தக் கைகளுக்குள்ளிருந்து தன் கையை உருவ முடியவில்லை.

"வரேன்னு சொல்லுங்க," என்றாள்.

தியேபா சொன்னார்.